சதுர அடி நாற்பத்தைந்து ரூபாய்

வேதாளை தாண்டி,
ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல்,
நடுவில் புதிதாக ஓடு மாற்றிய தொடக்கப் பள்ளி.
எனக்கு மூன்று சுவர்.
ஒன்றில் மாவட்டம், ஒன்றில் உலகம்,
மூன்றாவதில் சரித்திரக் காட்சி.
எந்தச் சரித்திரம் என்பதைப்
பணம் தந்தவர் முடிவு செய்திருந்தார்.
இங்கே படித்தவர்தான், இப்போது நியூஜெர்சியில்.
வாட்ஸ்அப்பில் படம் வந்தது:
இரவு, கப்பல்,
தலையில் இறகு செருகிய ஆட்கள்
பெட்டி பெட்டியாய்த் தேயிலையைக் கடலில் கொட்டுகிறார்கள்.

நான் பரமக்குடிக்காரன்.
வைகையில் தண்ணீர் ஓடிய நாட்களை
விரல் விட்டு எண்ணிவிடுவேன்.
கடல் என்றால் எனக்கு ஒரு டப்பா நீலம்.

"முயல் தீவு அங்கன இல்லண்ணே."
"மனோலியக் காணோம்."
"வாடைக்கு ஒரு அம்பு போடுங்க, கச்சானுக்கு ஒண்ணு."
முதுகுக்குப் பின்னால் இருபத்தேழு பேர்.
ரப்பர் இல்லாத தொழில் என்னுடையது,
மூன்று முறை வெள்ளையடித்து மறுபடி வரைந்தேன்.

நீலத்தைத் தொட்டதும் சண்டை.
ஜுமைலா வீடு தென்கடல் பக்கம், அவளுக்கு நீலம் சரி.
சகாய நிர்மலுக்கு வடகடல்.
"எங்க கடலு பச்சைண்ணே, சேத்துப் பச்சை,
இது யாரு வீட்டுக் கடலு?"
ஓட்டுப் போடுங்கடா என்றேன், தப்பிக்க.
நீலத்துக்குச் சோழி, பச்சைக்குச் சிப்பி,
காலி பிரைமர் டப்பா பெட்டி.
யாரும் யாரையும் எட்டிப் பார்க்கக் கூடாது.
எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.
பதின்மூன்று. பதின்மூன்று.
ஒருத்தி போடவில்லை.
இரண்டு டப்பாவும் திறக்க வேண்டியதாயிற்று.
பச்சை என் கைக்காசு.

மதியத்துக்கு மேல் சரித்திரம்.
"ஏண்ணே கொட்றாங்க?"
போனைப் பார்த்துப் படித்தேன்:
எங்கேயோ தூரத்துச் சபை,
இவர்களில் ஒருத்தரும் உட்காராத சபை,
ஒரு வார்த்தை கேட்காமல் தேயிலைக்கு வரி போட்டதாம்.
"மீனு சாவாதா?"
"பெட்டி எந்தக் கரையில ஒதுங்குச்சு?"
"தலையில என்ன றெக்கை?"
அந்த மண்ணில் முன்னமே இருந்த சனம் மாதிரி வேஷமாம்.
"அந்தச் சனத்தக் கேட்டாங்களா?"
நியூஜெர்சிக்குத் தட்டிவிட்டேன்.
அங்கே நடுராத்திரி.
ஒரு டிக்கோடு நின்றது கேள்வி.

நம்புச்செல்வி இதில் எதிலும் இல்லை.
ஓட்டுப் போடாதவள் அவள்தான்.
மாவட்டச் சுவரில், பச்சையும் நீலமும் காயாத இடத்தில்
நான் பென்சிலில் குறித்துவைத்த புள்ளிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"இது என்னது?"
எல்லை.
"தண்ணிக்குள்ள தெரியுமா?"
தெரியாது.
"அப்பா இங்கிட்டுத்தான் வலை விட்டாராம்.
அவுக அங்கிட்டுன்னு சொல்லிட்டாக."
சுவரில் அந்த இங்கிட்டுக்கும் அங்கிட்டுக்கும் நடுவே
அவள் சுண்டுவிரல் அகலம்.
பிறகு, திரும்பி மூன்றாவது சுவரைப் பார்த்தபடி,
"இதுக்கு யாரக் கேட்டாக?"

கோட்டுக்குக் காசில்லை எனக்கு, சதுர அடிக்குத்தான்.
புள்ளிகள் இருந்தாக வேண்டும், படத்தில் இருக்கிறது,
தலைமையாசிரியை சரிபார்ப்பார்.
சிவப்பைக் கொஞ்சம் டர்பன்டைனில் இளக்கினேன்.
நுனி தேய்ந்த தூரிகைதான் எடுத்தேன்.
ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே
நாட்டுப்படகு ஒன்று
உரசாமல் போகிற அளவு இடம் விட்டேன்.
அவள் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு டீ வந்தது.
நான் டம்ளரைத் தூக்கினதும்
இருபத்தாறு பேரும் ஒரே குரலில்,
"கொட்டிராதீங்கண்ணே!"